கேத்தி மலையில் ஒரு பிரசங்கம்: தமிழ் மேடைப்பேச்சின் கிறிஸ்தவ வேர் குறித்து

பாசல் மிஷன் 1846இல் நீலகிரியின் கேத்தியில் நிலையம் அமைத்தது. படுகர்களில் முதல் ஞானஸ்நானம் நடந்தது 1858இல். பன்னிரண்டு ஆண்டுகள் படுகர் ஊர்களான ஹட்டிகளுக்கு ஒவ்வொன்றாக நடந்து பேசியதற்கு அவ்வளவுதான் பலன் என்று மிஷன் வரலாறுகள் கணக்கு முடிக்கும். பேச்சுக்கலையின் வரலாற்றை எழுதுகிறவர் அந்தக் கணக்கை ஏற்கக் கூடாது என்பது என் வாதம். மதம் மாறாதவர்களும் அங்கே நின்று கேட்டார்கள்.

அவர்கள் கேட்டதில் புதிது எது? பேச்சுத்திறன் அல்ல. வழக்குத் தீர்க்கும் ஊர்க்கூட்டத்தில் நயமாகப் பேசும் பெரியவர்கள் படுகரிடம் இருந்தார்கள். சமவெளித் தமிழரிடம் புராணப் படனமும் கதாகாலட்சேபமும் இருந்தன. ஆனால் ஊர்க்கூட்டத்தில் பேசுவோர்க்கும் கேட்போர்க்கும் உறவும் வரிசையும் முன்பே வகுக்கப்பட்டவை. கதை கேட்க வந்தவருக்குக் கதை முன்பே தெரியும். வீதிப் பிரசங்கியோ முன்பின் அறியாதவர்களை, வழிப்போக்கரை, சாதி கேட்காமல் ஒரே கூட்டமாக்கி, ஒவ்வொருவரும் தனித்தனியே முடிவெடுக்க வேண்டும் என்றார். ஒரு வசனம், அதன் விளக்கம், கேட்பவர் வாழ்வோடு அதன் பொருத்தம், கடைசியில் ஓர் அழைப்பு: இதுதான் அதன் கட்டமைப்பு. அதற்கு அவரவர் பேச்சு மொழியே வேண்டியிருந்தது. எழுத்தில்லாத படுக மொழியில் லூக்கா நற்செய்தி கன்னட எழுத்தில் அச்சேறியது அதனால்தான்.

தமிழில் இந்த வடிவம் பிரசங்கத்திலிருந்து பொதுமேடைக்குப் போனது; ஐரோப்பாவில் பயணம் எதிர்த்திசையில் நடந்தது. மிலானில் சொற்கலை ஆசிரியராக இருந்த அகுஸ்தீன், கற்பித்தல், மகிழ்வித்தல், அசைத்தல் என்று சிசரோ வகுத்த மூன்று கடமைகளையும் பிரசங்க பீடத்துக்கு எடுத்துச் சென்றார். ரோமானிய மன்றம் தேவாலயத்துக்குக் கடன் கொடுத்தது. தமிழரிடையிலோ தேவாலயம் மன்றத்துக்குக் கொடுத்தது.

கேத்தி நிலையம் தொடங்கிய மறு ஆண்டிலேயே அதற்குச் சான்று கிடைக்கிறது. மிஷனரி பீட்டர் பெர்சிவலோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுகர், 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கம் தொடங்கினார். பாதிரியாரின் வடிவத்தைப் பாதிரியாருக்கு எதிராகவே எடுத்தாண்டார். 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு அளித்த பட்டமோ 'நாவலர்'. பேச்சையே பெருமையாகச் சொல்லும் பட்டம் அது. அறுபது ஆண்டுக்குள் சுதேசி இயக்கத்தார் அதே வடிவத்தில் கடற்கரையிலும் தெருமுனையிலும் அரசியல் பேசினார்கள்.

சீர்திருத்தச் சபைப் பிரசங்கத்திலிருந்து தமிழ் அரசியல் மேடை பிறந்தது என்று மானுடவியலாளர் பெர்னார்ட் பேட் விரிவாக வாதிட்டிருக்கிறார். வடிவத்தைப் பொறுத்தவரை அவரோடு முழுமையாக உடன்படுகிறேன். ஓசை வேறு கதை. மிஷனரி தேடியது கேட்பவருக்குப் புரியும் எளிய சொல். திராவிட இயக்கப் பேச்சாளர்கள் எதுகையும் மோனையும் அடுக்கிய செந்தமிழுக்கு ஏறினார்கள். அந்த ஓசைக்குப் பிரசங்க பீடத்தில் முன்னோர் இல்லை. அது புலவர் மரபின் சொத்து. ஆகவே, யாரை நோக்கிப் பேசுவது என்பதைத் தேவாலயமும், எப்படி ஒலிப்பது என்பதைச் சங்கமும் கம்பனும் தந்ததாகவே நான் பார்க்கிறேன்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க நீலகிரி நல்ல இடம். தேயிலைத் தோட்டத்தில் கூலி உயர்வுக்காகக் கூடும் தொழிலாளர் முன் அடுக்குமொழி நெடுநேரம் எடுபடாது. தொழிற்சங்கக்காரர் ஒரு சட்டப் பிரிவையோ ஒப்பந்த வரியையோ வாசிக்கிறார். லயத்து (தோட்டக் குடியிருப்பு வரிசை) வாழ்க்கையைக் கொண்டு அதை விளக்குகிறார். நாளை வேலைக்கு இறங்குவதா இல்லையா, நீங்களே சொல்லுங்கள் என்று கேட்கிறார்.