ஒளியைப் பங்கிடும் பாசியும் எண்ணெய் சேர்க்கும் பாசியும்

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் வன்னி மக்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் அறுவடை இயந்திரத்துக்கு டீசல் தேடி அலைந்தவர்களும் அவர்களே. பாசியிலிருந்து எரிபொருள் எடுக்க உலக ஆய்வுகூடங்கள் கண்ட இரு வழிகளை வன்னியின் வெயிலிலும் நீரிலும் வைத்துப் பார்க்கலாம்.

முதல் வழி ஒளித்தொகுப்பைத் திருத்துவது. பாசிக் கலத்தில் பச்சையம் மிகுதி. கடும் வெயிலில் மேலே மிதக்கும் கலங்கள் தேவைக்கு மேல் ஒளியை விழுங்கி, பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகின்றன. அடியில் கிடப்பவை இருளில் வாடுகின்றன. பந்தியில் முன்வரிசை இலை நிறைய வாங்கிக் கொட்ட, பின்வரிசை பட்டினி கிடப்பது போல. பெர்க்லியில் அனஸ்தாசியோஸ் மெலிஸ் குழு 2003இல் விவரித்த கிளாமிடோமோனஸ் பாசி வகையில் ஒளியேந்தும் பச்சையத் தொகுதி சிறியது. அதனால் ஒளி ஆழம் வரை இறங்குகிறது.

இரண்டாவது வழி கொழுப்பைப் பெருக்குவது. நைதரசன் குறைந்தால் பாசி எண்ணெய் சேர்க்கும். ஆனால் வளர்ச்சி நின்றுவிடும். எண்ணெய் நிறுவனமான எக்சன்மொபிலின் நிதியுடன் சிந்தெற்றிக் ஜெனோமிக்ஸ் ஆய்வாளர்கள் நன்னோகுளோரொப்சிஸ் பாசியில் ஒரேயொரு பரம்பரையலகின் செயற்பாட்டைத் தணித்தார்கள். கலத்தின் காபனில் கொழுப்பின் பங்கு 20 வீதத்திலிருந்து 40 வீதத்துக்கு மேல் உயர்ந்தது. வளர்ச்சியும் பெரிதாகக் குன்றவில்லை. 2017இல் வெளியான முடிவு இது.

முதலாவது விளைச்சலைக் கூட்டும். இரண்டாவது விளைந்ததில் எண்ணெயைக் கூட்டும். வன்னி வெயிலில் கூடுதல் பயன் தரக்கூடியது முதலாவதே. ஆனால் திறந்த தொட்டியில் அதற்கு ஆபத்தும் அதிகம்: பச்சையம் மிகுந்த காட்டுப்பாசி புகுந்தால், ஒளியை மறித்து அதை ஒடுக்கிவிடும். கிளாமிடோமோனஸ் நன்னீரில் வளர்வது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரோ சிறுபோக நெல்லுக்கே போதாத ஆண்டுகள் உண்டு. நன்னோகுளோரொப்சிஸ் கடல்நீரில் வளரும்; வயலோடு போட்டியிடாது. எனினும் நீரிலிருந்து நுண்ணிய கலங்களைப் பிரித்து உலர்த்தும் செலவு இரண்டுக்கும் பொது. 2009இல் பெரும் அறிவிப்போடு இறங்கிய எக்சன்மொபிலே பின்னர் நிதியை நிறுத்திக்கொண்டது.

ஆகவே வன்னியில் பரம்பரையலகுக்கு முன்னே நீர்தான் தேர்வை முடிவுசெய்யும். ஆனையிறவு போன்ற உப்பளங்களின் செறிந்த உப்புநீரில் காட்டுப்பாசிகள் பல பிழைக்கா; டுனாலியெல்லா என்ற பாசி பிழைக்கும். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாயப் பீடமும் பொறியியற் பீடமும் அருகருகே இருப்பதால், உப்பை விரும்பும் ஓர் இனத்தில் முதல் வழியைச் சிறு தொட்டிகளில் சோதிப்பது கைக்கெட்டும் வேலை. எண்ணெய்க் கணக்கை அதன்பின் போடலாம்.