சுவாதீனமும் ஆதீனமும்

சேரப்பணஞ்சேரியில் நிலம் கைமாறும்போது கிரயப் பத்திரத்தில் ‘சுவாதீனம்’ என்ற சொல் தவறாமல் வரும். ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் வயலாய்க் கிடந்தது மனையாகிறது. சுவாதீனத்தை ஒப்படைத்துவிட்டேன் என்று விற்றவர் கையெழுத்துப் போடுகிறார். அன்றோடு அந்த மண் அவர் பொறுப்பில் இல்லை.

இந்தச் சொல்லின் உடன்பிறப்புதான் ‘ஆதீனம்’. ‘அதீனம்’ என்ற வடசொல்லுக்கு உட்பட்டது, சார்ந்தது என்று பொருள். தமிழில் அது உரிமையாகி, ஆளுகையாகி, தருமபுரம், திருவாவடுதுறை போன்ற சைவ மடங்களின் பெயராயிற்று. பிறகு மடத்தின் தலைவரையே ‘ஆதீனம் வருகிறார்’ என்று சொல்லத் தொடங்கினோம். உட்பட்டதைக் குறித்த சொல் ஆள்பவருக்குப் போய்ச் சேர்ந்தது.

கத்தோலிக்கத் தமிழர் தங்கள் துறவு மடத்து முதல்வருக்கும் இதையே எடுத்துக்கொண்டார்கள். ஜனவரி 17 வனத்து அந்தோனியார் திருநாள். அவர் பெயரோடு ‘ஆதீனத் தலைவர்’ என்று சேர்த்துச் சொல்வார்கள். லத்தீனில் மடத்து முதல்வருக்கு ‘அப்பாஸ்’ என்று பெயர். அரமேய மொழியின் ‘அப்பா’விலிருந்து வந்தது. நம் அப்பாவோடு ஒலிதான் ஒன்று, உறவு கிடையாது. ‘அப்பர்’ என்றே வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். ஆனால் பேதுரு இராயப்பர், பவுல் சின்னப்பர், யோசேப்பு சூசையப்பர் என்று அந்தச் சொல்லை ஏற்கெனவே பலருக்கும் கொடுத்தாயிற்று. மடத்தலைவருக்கு வேறு சொல் தேடியது நல்லதாயிற்று என்றே நினைக்கிறேன்.

ஏனென்றால் 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் துறவு மடங்களுக்கு எழுதிய ஒழுங்கு நூல் சொல்வதும் பொறுப்பைத்தான். இடைக்கால ஐரோப்பிய மடங்கள் பலவும் அதன்படி நடந்தன. 73 அதிகாரங்களில் 2ஆவது முழுக்கத் தலைவரைப் பற்றியது: தன்னிடம் விடப்பட்ட ஒவ்வோர் ஆன்மாவுக்கும் அவர் இறைவனிடம் கணக்குச் சொல்ல வேண்டும். அடுத்த அதிகாரத்தின்படி, முக்கியமான காரியம் என்றால் எல்லாத் துறவிகளையும் கூட்டி, கடைக்குட்டி சொல்வதையும் கேட்டுவிட்டே முடிவெடுக்க வேண்டும். சிறியவருக்கே நல்லதை இறைவன் காட்டுவதுண்டாம்.

எனக்கு மிகப் பிடித்தது 32ஆவது அதிகாரம். மடத்தின் கருவிகள், துணிமணிகளுக்கெல்லாம் தலைவரிடம் ஒரு பட்டியல் இருக்க வேண்டும். எதை யாரிடம் கொடுத்தோம், எது திரும்பி வந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அழுக்காகவோ கவனக்குறைவாகவோ கையாண்டால் கண்டிக்க வேண்டும். ஒரகடத்தில் ஷிப்டு முடிந்து, டூல் ஸ்டோர் ஜன்னலில் ஸ்பேனரைத் துடைத்து வைத்து, ரிஜிஸ்டரில் தன் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போடுகிற பையனுக்கு இந்த அதிகாரத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.