மஞ்சளும் இறால் ஓடும்



பினாங்கு ஜார்ஜ்டவுனில் சூலியா தெரு இருப்பதை அறிவீர்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களைச் சூலியர் என்று அழைத்தார்கள். 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலேயர் குடியிருப்பை நிறுவிய பின், அவர்கள் இங்கே வாணிபம் செய்தார்கள். அவர்கள் பெயரே தெருவுக்கு நிலைத்தது. அந்தப் பக்கம் போனால் நாசி கண்டார் குழம்பின் மணம் நம்மை நிறுத்தும். அந்தக் குழம்புக்கு நிறம் தரும் மஞ்சள், குடல் புற்றுநோய் ஆராய்ச்சிக்குள் எப்படி நுழைந்தது என்பதே இன்றைய பேச்சு.

மஞ்சளின் நிறப்பொருளை 1815-இல் வோகல், பெல்லெத்தியே என்ற இருவர் ஐரோப்பாவில் பிரித்தெடுத்தனர். அதற்குக் குர்குமின் என்று பெயர். ஆய்வுக்கூடத்தில் அது புற்றணுக்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது. ஆனால் அது தண்ணீரில் கரையாது. தின்பதில் மிகச் சிறு பங்கே இரத்தத்தில் சேரும். அதுவும் விரைவில் சிதைந்துவிடும். ஆகவே மஞ்சளை அள்ளித் தின்றால் புற்றுநோய் தீரும் என்று எண்ணிவிடக் கூடாது.

இன்னொரு மருந்துக்கு வேறு குறை. 1957-இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹைடெல்பெர்கர் குழுவினர் புளூரோயூராசில் என்ற மருந்தை அறிவித்தார்கள். பெருங்குடல், இரைப்பைப் புற்றுநோய்களுக்கு இன்றும் அதைத் தருகிறார்கள். வேகமாகப் பெருகும் அணுக்களை அது தாக்கும். வாயிலும் குடலிலும் உள்ள நல்ல அணுக்களும் வேகமாகப் பெருகுபவையே. எனவே வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் நோயாளியை வாட்டுகின்றன.

ஒன்று போய்ச் சேராத மருந்து; மற்றொன்று வேண்டாத இடத்துக்கும் போகும் மருந்து. இரண்டையும் பொதிந்து அனுப்ப ஓர் உறை வேண்டும். அது எங்கே கிடைத்தது? நாம் குப்பையில் கொட்டும் இறால் ஓட்டில்!

1811-இல் பிரெஞ்சு அறிஞர் பிராக்கொனோ காளானில் ஒரு பொருளைக் கண்டார். பிற்காலத்தில் கைட்டின் எனப் பெயர் பெற்ற அது, இறால், நண்டு ஓடுகளிலும் உண்டு. 1859-இல் ரூஷே என்பவர் அதைக் காரத்தில் கொதிக்கவைத்து, அமிலத்தில் கரையும்படி மாற்றினார். அதுவே கைட்டோசான். சங்கிலிபோல் நீண்ட மூலக்கூறுகளால் ஆன இத்தகைய பொருளைப் பலபடி என்பார்கள். பால்மரத்து ரப்பரும் இயற்கைப் பலபடியே.

மங்கில் வடியும் பாலில் ரப்பர் நுண்துகள்கள் மிதக்கின்றன. அமிலம் விட்டதும் அவை ஒன்றுகூடி உறைகின்றன. கைட்டோசானில் வேண்டியது இதற்கு மாறானது: கட்டியாகாமல் துகளாகவே நிற்க வேண்டும். கைட்டோசான் கரைசலில் ஒருவகை பாஸ்பேட் உப்பை அளவோடு சேர்த்து அப்படிச் செய்யும் முறையை, 1997-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இத்துகள்களை நானோமீட்டரில் அளப்பார்கள். ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கே நானோமீட்டர்.

2014-இல் கேரளத்தின் கொச்சியிலுள்ள அமிர்தா நிலைய ஆய்வாளர்கள், குர்குமினையும் புளூரோயூராசிலையும் கைட்டோசான் வகைத் துகள்களில் பொதிந்தார்கள். பெருங்குடல் புற்றணுக்களின் மீது இரண்டும் சேர்ந்து வலுவாகச் செயல்பட்டன. சுண்டெலியின் இரத்தத்தில் நெடுநேரம் தங்கின. இது ஆய்வுக்கூடத்தின் வெற்றி. நோயாளியின் கைக்கு வர இன்னும் பல படிகள் உண்டு.

அப்படி வந்து சேர்ந்த மருந்தும் ஒன்று உண்டு. இரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதத்தில் பொதிந்த பேக்ளிடாக்செல் மருந்தைக் கணையப் புற்றுநோய்க்கு அமெரிக்கா 2013-இல் அனுமதித்தது. நோய் பரவிவிட்ட 861 பேரிடம் அதைச் சோதித்தார்கள். பழைய மருந்து மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் 6.7 மாதத்துக்கு மேல் வாழ்ந்தனர். புதியதையும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிப்பேர் 8.5 மாதத்துக்கு மேல் வாழ்ந்தனர். ஏறக்குறைய இரண்டு மாதம்! இருநூறு ஆண்டு அறிவு சேர்ந்து ஈட்டியது அவ்வளவே. ஆனாலும் ஒரு குடும்பத்துக்கு அது சிறிதன்று.

நேயர்களே, முற்றிய நோயில் மாதக்கணக்கில் கிடைக்கும் பலன், தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் ஆண்டுக்கணக்கில் கிடைக்கும். தொடக்கநிலைப் பெருங்குடல் புற்றை அறுவை சிகிச்சையால் முற்றிலும் நீக்கிவிட வாய்ப்புண்டு. மலத்தில் இரத்தம், வாரக்கணக்கில் மாறிய மலப்பழக்கம், காரணமின்றி இளைத்தல், விழுங்குவதில் சிரமம் இவற்றில் எது தென்பட்டாலும், மூலம் என்றோ சூடு என்றோ நீங்களே முடிவு கட்டாதீர்கள். வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மஞ்சள் குழம்பில் இருக்கட்டும். நோய்க்கு மருத்துவமனையை நாடுங்கள்.