ஆடை மாற்றியவனும் ஆடை துறந்தவரும்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம்மவர் பழமொழி. உலகியலில் அது புறத்தோற்றத்தின் மதிப்பைச் சொல்வது. கலையுலகிலோ அதற்கு இன்னும் ஆழ்ந்த பொருள் உண்டு. ஒற்றைச் சிலம்பும் விரித்த கூந்தலுமாகக் கண்ணகியைப் பாண்டியன் அவைக்கு அனுப்பிய இளங்கோவடிகள், அவள் வாய் திறக்குமுன்பே வழக்கின் பாதியைச் சொல்லிவிடுகிறார். வெண்திரையும் இம்மரபுக்கு வழித்தோன்றலே. அறத்துக்கும் மறத்துக்கும் இடையே அல்லாடும் தலைவனைப் படைக்க ஒப்பனையும் ஆடையும் நடிகர் தேர்வும் எங்ஙனம் துணைநிற்கின்றன என்பதற்கு, 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-இல் வெளிவந்த கமல்ஹாசனின் 'ஹே ராம்' தக்க சான்றாகும்.

படத்தின் தலைவன் சாகேத ராமன் நம்மைப் போலவே தாயகம் விட்டு வாழ்ந்த தமிழன். மொகஞ்சதாரோவில் அகழாய்வாளன்; கல்கத்தாவில் இல்லறத்தான். 1946 ஆகஸ்டு 16-இல் அந்நகரில் மூண்ட கலவரத்தில் மனைவியைப் பறிகொடுக்கிறான். வெறிகொண்டு தானும் கொலைகாரனாகிறான். அந்தப் பழியுணர்ச்சியே அவனைக் காந்தியடிகளைக் கொல்லும் சூளுரை வரையில் இழுத்துச் செல்கிறது.

இவ்வீழ்ச்சியை வசனத்தைவிட ஆடையே தெளிவாகச் சொல்கிறது. முதலில் அவனை மேனாட்டு உடையில் காண்கிறோம். மண்ணைத் தோண்டிப் பழமையை ஆராயும் படித்த இளைஞனுக்கு அது பொருந்துகிறது. பின்னர்த் தமிழகத்தில் வைணவ மணமகனாகக் காண்கிறோம். கோலம் சான்றோர் கோலம், உள்ளமோ கல்கத்தாவிலேயே எரிந்துகொண்டிருக்கிறது. காசியில் உறவும் பற்றும் களைந்து நிற்கையில், துறவிக்குரிய தோற்றத்துள் கொலைஞன் ஒருவன் ஒளிந்திருக்கிறான். ஒவ்வோர் ஆடையும் உண்மையானதே. எதுவும் அவனுக்கு உரியதன்று. தன்னை இழந்தவன் எதை உடுத்தாலும் அது வேடமே என்பதை இதனினும் நுட்பமாக உணர்த்தல் அரிது. இப்படத்துக்கு ஆடை வடிவமைத்த சரிகா தேசிய விருது பெற்றது தகுதியறிந்த பெருமையே.

அவன் கொல்லப் புறப்பட்டது யாரை? ஆடையையே அறமாக்கிக்கொண்ட ஒருவரை! 1921 செப்டம்பர் 22-இல், நம் மதுரை மாநகரில், காந்தியடிகள் மேலாடை துறந்து ஏழை உழவரின் அரையாடையை ஏற்றார். அதன்பின் இலண்டன் அரண்மனைக்கும் அவர் அவ்வெளிய கோலத்திலேயே சென்றார். ஊருக்கொரு கோலம் கொண்டவனும் ஒரே கோலத்தில் நிலைபெற்றவரும் எதிரெதிர் நிற்பதே இப்படத்தின் உயிர்நிலை எனலாம்.

நடிகர் தேர்வும் இந்நோக்கிற்கே இயைகிறது. மக்கள் நெஞ்சில் இடம்பெற்ற கமல்ஹாசனே கொலைகாரனாக வருவதால், 'இவன் தீயவன்' என்று ஒதுக்கிவிட்டு நாம் நிம்மதி கொள்ள இயலவில்லை. அவனைத் தூண்டும் அப்யங்கராக அதுல் குல்கர்னி வருகிறார். அந்நாளில் தமிழர் அறியாத முகம் அவருடையது. எனவே அச்சத்தைத் தணிக்கும் பழைய நினைவு எதுவும் நமக்கில்லை. மாறாக, நண்பன் அம்ஜத் நாடறிந்த, நாடு விரும்பும் ஷாருக் கான். குண்டடிபட்டுச் சாகும் நேரத்திலும் நண்பனின் குற்றத்தை மறைத்து அவனைக் காக்கிறான் அம்ஜத். வெறுப்பு வெல்ல முடியாத இடம் அதுவே. ராமன் மனந்திரும்புகிறான். காந்தியடிகளாக நசீருதீன் ஷா, சிலையாக உறைந்துவிடாமல், நகையும் கனிவும் உள்ள முதியவராகவே தோன்றுகிறார்.

குற்றத்தை அவரிடம் ஒப்புக்கொள்ள ராமன் துடிக்கிறான். காலம் இடந்தரவில்லை, 1948 சனவரி 30 மாலை, வேறொருவன் துப்பாக்கி வெடித்துவிடுகிறது. ராமனுக்குக் கிட்டுபவை அண்ணலின் காலணியும் மூக்குக்கண்ணாடியும் மட்டுமே. அவற்றை அவன் அணியவில்லை. அரை நூற்றாண்டு காத்துவைக்கிறான். அவன் மறைந்தபின் பேரன் அவற்றை அண்ணலின் கொள்ளுப்பேரர் துஷார் காந்தியிடம் ஒப்படைக்கிறான். அப்பாத்திரத்தில் துஷார் காந்தியே தோன்றுவது கதைக்கும் வரலாற்றுக்கும் இடையிலான திரையை விலக்கிவிடுகிறது.

தாயகம் விட்டு வந்த நாமும் ஊருக்கேற்ற உடை பூண்டே வாழ்கிறோம், அதில் இழுக்கில்லை. பக்கத்து வீட்டாரை அயலாராகவும் அயலாரைப் பகைவராகவும் காட்டும் வெறியை உள்ளத்துக்கு உடுத்தாதிருப்பதே வேண்டுவது. சாகேத ராமன் காலம் கடந்து கற்ற அப்பாடத்தை நம் மக்கள் காலத்தே கற்பாராக!