எந்தப் படி?

அக்கா மகன் பதினோராம் வகுப்புக்கு வந்திருக்கிறான். இயற்பியல் புத்தகத்தின் தொடக்கமே அளவீட்டியல்தான். குன்றத்தூர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாக உருப்போட்டுக்கொண்டிருந்தான். தெரியாத அளவைத் தெரிந்த ஒரு படித்தரத்தோடு ஒப்பிடுவது அளவீடு. அந்தப் படித்தரம் எல்லாராலும் ஏற்றுக்கொள்ளப்பட்டதாக இருக்க வேண்டும். அடிப்படை அலகுகள் ஏழு. நடுவில் அலுத்துப்போய், உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், "ஆயா, ஒரு படின்னா எத்தினி லிட்டர்?" என்று கேட்டான். "எந்தப் படி?" என்றாள் அம்மா. "பட்டணம் படியா, ஊர்ப் படியா, கூலிக்கு அளக்கற படியா?"

பையன் சிரித்துவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டான். எனக்குத் திரும்ப முடியவில்லை. 'ஏற்றுக்கொள்ளப்பட்ட' என்கிற செயப்பாட்டு வினைக்குள் எவ்வளவு வரலாறு ஒளிந்துகொண்டிருக்கிறது! ஏற்றுக்கொண்டவர் யார், ஏற்கவைத்தவர் யார், அளக்கிற கை யாருடையது என்ற கேள்விகளைக் கிழவி மூன்றே சொற்றொடரில் போட்டு உடைத்துவிட்டாள்.

இயற்பியலை மட்டும் குறை சொல்வானேன். எம்.ஏ. வகுப்பில் எனக்கும் அளவைகள் இப்படித்தான் வந்து சேர்ந்தன. அளவுப் பெயருக்கும் நிறைப் பெயருக்கும் மொழி முதலாகும் எழுத்துகள் ஒன்பது என்று தொல்காப்பியம் எழுத்ததிகாரம் சொல்கிறது. கலமும் சாடியும் தூதையும் எனக்குப் புணர்ச்சி விதிக்கான எடுத்துக்காட்டுகளாகத்தான் அறிமுகமாயின. அந்தக் கலத்தில் நெல் இருந்ததா, அளந்தவன் யார், வாங்கிக்கொண்டு போனவள் யார் என்று எந்த ஆசிரியரும் கேட்டதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

குன்றத்தூர் சேக்கிழாரின் ஊர். உலகத்தினும் பெரியது எது, மலையினும் பெரியது எது, கடலினும் பெரியது எது என்று சோழன் கேட்டனுப்பினான் என்றும், மூன்றுக்கும் குறளிலிருந்தே விடை எழுதியனுப்பி அமைச்சரானார் அவர் என்றும் ஒரு கதை இங்கே வழங்குகிறது. அளவைக் கேள்விக்கு அறத்தால் விடை தந்தவர் என்று மேடைகளில் உருகுவார்கள். உருகட்டும். ஆனால் அதே சோழ அரசு நிலத்தை அளந்தபோது குறளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போகவில்லை, கோலை எடுத்துக்கொண்டுதான் போனது. 1001 வாக்கில் ராஜராஜன் காலத்தில் ஒரு பேரளவு, 1086இல் முதல் குலோத்துங்கன் காலத்தில் இன்னொன்று. வேலி, மா என்று இறங்கி, முந்திரி எனும் 320இல் ஒரு பங்குக்கும், அதையும் 320ஆக்கிய கீழ்முந்திரிக்கும் கணக்கு போனது. இவ்வளவு நுட்பம் எதற்கு? வரிக்கு. தஞ்சைப் பெரிய கோயிலில் நெல் அளந்த மரக்காலின் பெயர் 'ஆடவல்லான்'. அது 'ராஜகேசரி' மரக்காலுக்குச் சமம் என்று கல்வெட்டே உறுதி சொல்கிறது. ஒன்று சாமி பெயர், மற்றது அரசன் பட்டம். (இன்று நியூட்டன், ஜூல், பாஸ்கல். பெயர் வைக்கும் பழக்கம் போகவில்லை.)

போலந்து பொருளாதார வரலாற்றாசிரியர் வீட்டோல்ட் குலா 1970இல் ஒரு புத்தகம் எழுதினார். ஐரோப்பிய நிலப்பிரபுத்துவத்தில் அளவைகள் வர்க்கப் போராட்டத்தின் களமாக இருந்ததைக் காட்டும் ஆய்வு அது. பிரபுவுக்குக் குத்தகை அளக்கும்போது மரக்காலைக் குவித்து அளக்க வேண்டும். அவன் திருப்பித் தரும்போது தலைதட்டித் தருவான். பாத்திரம் ஒன்றேதான், நெல் வேறு. இதைப் படிக்க நமக்குப் போலந்து வேண்டியதில்லை, எந்தக் களத்துமேட்டிலும் நின்றிருந்தால் போதும். ஆனால் குலா சொல்கிற இன்னொன்று முக்கியமானது. 1789இல் பிரெஞ்சுப் புரட்சிக்கு முன் ஊர் ஊராகத் தொகுத்த குறைமனுக்களில், நாடு முழுக்க ஒரே எடை, ஒரே அளவு வேண்டும் என்று எளிய மக்கள் கேட்டிருக்கிறார்கள். பிரபுவின் மரக்காலிலிருந்து தப்பிக்கக் கேட்டது அது. அதன் பின்னர்தான் 1791இல், வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையான தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு மீட்டர் என்ற முடிவு வந்தது. பாடப்புத்தகத்தில் மீட்டர் விஞ்ஞானிகளின் வசதிக்காகப் பிறந்தது போல இருக்கிறது. குடியானவன் மனு காணாமல் போய்விட்டது.

நம் பக்கம் மீட்டருக்கு முன்னால் அடி வந்தது, பட்டாளத்தோடு. குன்றத்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் பரங்கிமலை. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் அங்கிருந்து பெரும்பாக்கம் குன்றுப் பக்கமாக ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளந்தார். இந்தியாவையே முக்கோணங்களாகப் பிரித்துப்போட்ட நில அளவைக்கு அதுதான் தொடக்கம். நூறடி எஃகுச் சங்கிலி, வெயிலில் நீளுமென்று கூடாரம், பக்கத்தில் வெப்பமானி. சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போய், அவர் வேண்டாமென்று ஒதுக்கிய சங்கிலி அது. பையன் பாடத்தில் முக்கோண முறை இருக்கிறது. மரத்தின் உயரம் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். பரங்கிமலை இல்லை. மைசூர் வீழ்ந்து மூன்றே ஆண்டில், பிடித்த நாட்டுக்கு வரைபடம் வேண்டியிருந்த கம்பெனி இல்லை.

கம்பெனி அதற்கு முன்பே செங்கல்பட்டு ஜாகிரைத் தாமஸ் பர்னார்டைக் கொண்டு 1767 முதல் 1774 வரை அளந்து கணக்கெடுத்திருந்தது. விளைச்சலில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற விவரம் அந்தக் கணக்கில் உண்டு. அதை வைத்துக்கொண்டு, வெள்ளையன் வருமுன் எல்லாருக்கும் வயிறு நிறைந்தது என்று பொற்காலம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மேற்கின் அறிவியலை விமர்சிக்கிற உற்சாகத்தில் நம் நண்பர்கள் சிலரும் அந்தப் பக்கம் சாய்வதைப் பார்க்கிறேன். பங்கு இருந்தது, மறுக்கவில்லை. குவித்த மரக்காலா, தலைதட்டிய மரக்காலா என்பதைப் பங்குக் கணக்கு சொல்லாது. இந்த வட்டாரத்தில் 24 அடிக் கோலுக்கு ஒரு குழி, நூறு குழி ஒரு காணி. அதே 'காணி'தான் பரம்பரை நில உரிமைக்கும் பெயர். காணி உள்ளவன் அளந்தான், இல்லாதவன் ஏந்தினான். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர் நிலைமை பற்றி 1891இல் அறிக்கை எழுதி, மறு ஆண்டு பஞ்சமி நில ஆணை வந்தது. காணி இல்லாதவர்களுக்கு நிலம் என்று அரசு ஒப்புக்கொள்ள அவ்வளவு காலமாயிற்று.

ஆகவே நாட்டார் அளவைகளுக்காக என்னால் கண்ணீர் விட முடியாது. 1940களில் சீனிவாசராவ் முன்னின்ற கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளர் இயக்கத்தை நினைத்துப் பாருங்கள். சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும் என்பதோடு, முத்திரையிட்ட மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்பதும் கோரிக்கை. உடம்பின் மீது விழும் அடிக்கும் மரக்காலின் அடியில் ஏற்றிய மரக்கட்டைக்கும் உள்ள உறவு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிரெஞ்சுக் குடியானவன் எழுதிய அதே மனு இது. 1956இல் எடை அளவுச் சட்டம் வந்து, 1958 அக்டோபரிலிருந்து மீட்டர் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. வீசையும் பலமும் கடையை விட்டுப் போயின. ஆனால் 1967 தேர்தலில் அண்ணா ரூபாய்க்கு மூன்று படி என்றுதான் பேச வேண்டியிருந்தது. கிலோவில் சொல்லியிருந்தால் வயிற்றில் பட்டிருக்காது. மறு ஆண்டு டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலியில் கூடுதலாகக் கேட்டது அரைப்படி நெல் என்றே மக்கள் நினைவில் நிற்கிறது. சட்டத்தின் அலகு ஊருக்குள் வந்து சேர, சட்டம் மட்டும் போதவில்லை.

2019 மே 20இலிருந்து கிலோகிராமுக்குப் பாரிஸ் அருகே பூட்டி வைத்த உலோக உருளை தேவையில்லை. பிளாங்க் மாறிலி போதும். எந்த அரசன் கையிலும் இல்லாத அளவு. பையனுக்கு இதைச் சொன்னபோது எனக்கே மகிழ்ச்சியாக இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் குன்றத்தூரில் தரகர் 'கிரவுண்டு' என்கிறார். 2400 சதுர அடி. பழைய காணியில் 24இல் ஒரு பங்கான மனைதான் அது. பத்திரம் சதுர அடியில், பட்டா ஹெக்டேர்-ஏர்ஸில். மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கத் தெரியாதவர்கள் நிலத்தை விற்கிறார்கள், தெரிந்தவர்கள் வாங்குகிறார்கள்.

ஏரி இன்னும் அடியில்தான் நிறைகிறது. செம்பரம்பாக்கம் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1 இரவு வினாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். அந்த எண்ணைப் பையனிடம் கொடுத்தேன். ஒரு கன அடி 28.3 லிட்டர் என்று பெருக்கி, வினாடிக்கு எட்டு லட்சத்து இருபதாயிரம் லிட்டர் என்றான். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாமா, இது அன்னிக்கு ஆத்தோரம் இருந்தவங்களுக்கு யாரு சொன்னாங்க?" என்றான். அம்மா புடைத்து முடித்து, அரிசியைத் தன் பழைய படியில் அளந்து பானையில் போட்டுக்கொண்டிருந்தாள்.