இதயம் எழுதும் கோடு

ஜாவாத் தீவின் செமாராங் நகரில் 1860ஆம் ஆண்டு ஒரு டச்சு மருத்துவரின் மகனாகப் பிறந்தவர் வில்லெம் ஐந்தோவன். தந்தை மறைந்தபின் தாயுடன் ஹாலந்து சென்றார். இதயத்தின் மின்னோட்டத்தைத் துல்லியமாக எழுதச்செய்தவர் நம் அண்டைத் தீவில் தவழ்ந்த குழந்தை என்பதை இவ்வட்டாரத்தாரே பலர் அறியார்.

அவருக்கு முன்பே, 1887இல், இலண்டனில் அகஸ்டஸ் வாலர் மனித இதயத்தின் மின்னலைகளைப் பதிவு செய்திருந்தார். ஆயினும், பாதரசத்தின் அசைவை நம்பிய அக்கருவி மந்தமானது. லைடன் நகரில் ஐந்தோவன், வெள்ளி பூசிய மெல்லிய படிக இழையொன்றை வலிய காந்தத்தின் நடுவே நிறுத்தினார். இதயத்தின் நுண்ணிய மின்னோட்டம் இழையை அசைக்க, அதன் நிழல் ஒளிப்படத் தகட்டில் பதிந்தது. கருவியின் எடை ஏறக்குறைய 270 கிலோ. இயக்க ஐவர் வேண்டும்! நோயாளி இரு கைகளையும் இடக்காலையும் உப்புநீர்ச் சாடிகளில் அமிழ்த்தி அமர்ந்திருப்பார். அலைகளுக்கு அவர் சூட்டிய பி, க்யூ, ஆர், எஸ், டி என்னும் பெயர்களே இன்றும் வழங்குகின்றன. 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எனினும், அக்கோடுகளில் மருத்துவர் முதலில் தேடியது துடிப்பின் ஒழுங்கின்மையையே. இதயத் தமனி அடைபட்டால் உடனே சாவு என்பதே அன்றைய பொதுக்கருத்து. சிக்காகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1912இல் அதனை மறுத்தார்; அடைப்புற்றோர் பிழைப்பதும் உண்டு என்றார். கேட்டவர் பொருட்படுத்தவில்லை. பின்னர் அவருடன் பணியாற்றிய ஃபிரெட் ஸ்மித், நாய்களின் இதயத் தமனியைக் கட்டிப் பதிவெடுத்தார். 1918இல் ஹெரிக் அப்படங்களைக் காட்டிய பின்னரே அவருடைய சொல்லுக்கு மதிப்பு வந்தது. சொல்லை ஏற்காத அவை கோட்டை ஏற்றது!

1920இல் நியூயார்க்கின் ஹெரால்ட் பார்டி தெளிவான அடையாளம் ஒன்றைக் கண்டார். ஆர் அலை இறங்கி அடிக்கோட்டைத் தொடுமுன்பே டி அலை கிளம்பிவிடுகிறது; இடைப்பட்ட எஸ்-டி பகுதி மேடிட்டு நிற்கிறது. குருதியின்றித் தவிக்கும் தசைக்கும் நலமுள்ள தசைக்கும் இடையே எழும் மின்வேறுபாடே இதற்குக் காரணம். சுவரின் முழுத்தடிப்பும் பாதிக்கப்பட்டால் அப்பகுதி உயரும்; உட்புறம் மட்டும் குருதிக்கு ஏங்கினால் பெரும்பாலும் தாழும். தசை மடிந்தபின் ஆழமான க்யூ அலை தோன்றி, பலரிடம் ஆயுள் முழுவதும் வடுவாக நிலைக்கும்.

கை கால்களில் எடுத்த மூன்று பதிவுகள் மட்டும் போதவில்லை. இதயத்தின் முன்சுவர்க் கேடு அவற்றில் தப்பிவிடும். 1938இல் அமெரிக்க, பிரிட்டிஷ் சங்கங்கள் மார்பில் ஆறு இடங்களை வரையறுத்தன. 1942இல் கோல்ட்பெர்கர் மேலும் மூன்றைச் சேர்க்க, பன்னிரண்டு பதிவுகள் நிறைவுற்றன. எந்தப் பதிவுகளில் மேடு தோன்றுகிறது என்பதைக் கொண்டு இதயத்தின் எச்சுவர் பழுதுற்றது என உணரலாயினர்.

நெடுங்காலம் இந்த அறிவால் நோயாளிக்குக் கிட்டியது பெரிதும் ஓய்வுப் படுக்கையே. 1986இல் இத்தாலியில் 11,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு அந்நிலையை மாற்றியது. உறைகட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்து, 21 நாள்களுக்குள் நேரும் இறப்பை 13 விழுக்காட்டிலிருந்து 10.7 ஆகக் குறைத்தது. விரைந்து பெற்றோர்க்கே பயன் மிகுதி. அன்றுமுதல் கோட்டைப் படிப்பது காலத்தோடு போட்டியிடும் வேலையாயிற்று.

கோடு ஏமாற்றுவதும் உண்டு. இதயத்தின் பின்சுவர் அடைப்பு, மார்பின் முன்பதிவுகளில் மேடாகத் தோன்றாமல் பள்ளமாகவே தோன்றும். முதற்பதிவு சீராக இருந்தும் மாரடைப்பு நிகழ்ந்துகொண்டிருக்கலாம். ஆதலின், மார்வலியோடு வந்தவரை ஒரே தாளைக் கண்டு வீட்டுக்கு அனுப்பிவிடாமல், வலி நீடிக்கும்வரை மீண்டும் மீண்டும் பதிவெடுத்து, முன்னதோடு பின்னதை ஒப்பிட்டு, குருதியில் ட்ரோபோனின் அளவையும் சோதிக்கின்றனர்.