இருப்புப் பதிவேடு

நம் பள்ளிகளில் விஞ்ஞானக் கல்வியின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவர்கள் கமிஷன் அறிக்கைகளிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அலமாரியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று எனக்குப் படுகிறது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துப் பள்ளிகளில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவன் நான். அறிக்கைகளைவிட அலமாரிதான் எனக்கு அதிகப் பரிச்சயம்.

1978இல் பி.யூ.சி. ஒழிந்து மேல்நிலை வகுப்புகள் வந்தன. கோத்தாரி கமிஷன் 1966இல் சொன்ன 10+2+3 ஏற்பாடு. இந்தப் பகுதி அப்போது தென்னாற்காடு ஜில்லா. கிராமத்துப் பையன் கல்லூரியையும் ஹாஸ்டலையும் தேடி ஓடவேண்டிய அவசரம் ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. அந்த அளவில் நல்ல காரியம். ஆனால் கல்லூரியில் இருந்த சோதனைச்சாலையும் இப்போது பள்ளிக்கூடத்தின் பொறுப்பாயிற்று. வெர்னியர், ஸ்க்ரூ கேஜ், பிப்பெட், ப்யூரெட் எல்லாம் வந்தன. கூடவே இருப்புப் பதிவேடும் வந்தது.

இந்தப் பதிவேட்டின் தர்க்கத்தைப் புரிந்துகொள்ளாமல் நம் விஞ்ஞான வகுப்பைப் புரிந்துகொள்ள முடியாது. பொருள் உடைந்தால் ஆசிரியர் பதில் சொல்ல வேண்டும். பூட்டியே கிடந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. உபயோகிப்பதற்கு தண்டனை உண்டு, உபயோகிக்காததற்கு இல்லை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் (பெயர் வேண்டாம்) ஒரு ப்ரிஸம், வாங்கிய காகிதச் சுற்றோடேயே பல தணிக்கைகளைக் கடந்தது. ஒவ்வொரு வருஷமும் ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். நியூட்டன் அதை வெயிலில் காட்டிய விஷயம் பாடப் புத்தகத்தில் இருந்தது. மாணவர்கள் படம் போட்டு, ஏழு நிறமும் தீட்டி, மார்க் வாங்கினார்கள். செய்முறைக்கு 200இல் 50. அதற்குத்தான் அலமாரி வருஷத்தில் சில வாரங்கள் திறந்தது.

பிறகு வந்தவற்றுக்கும் இதே கதிதான். 1987இல் கரும்பலகைத் திட்டம் ஆரம்பப் பள்ளிகளுக்குப் பூகோள உருண்டையும் விஞ்ஞானப் பெட்டியும் கொடுத்தது. கம்ப்யூட்டர் வந்தபோது திரைச்சீலை போட்ட அறை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். கர்ப்பக்கிருகம் என்று நாங்கள் கேலி பேசுவோம்.

2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினி மட்டும் விதிவிலக்கு. சினிமா பார்த்தார்கள், விற்றார்கள் என்று ஏசாதவர் இல்லை. என் கட்சி வேறு. பொருள் முதல்முறையாக அலமாரியைத் தாண்டி மாணவன் கைக்கே போயிற்று; உடைக்கும் உரிமையோடு போயிற்று. கல்வித் துறை இவ்வளவு பெரிய நம்பிக்கையை அதற்கு முன் மாணவன்மேல் வைத்ததாக எனக்குத் தெரியவில்லை. 2018 புத்தகங்களில் அச்சான க்யூ.ஆர். குறியீட்டுக்கு அந்த நேர்மை போதாது. குறியீடு பிள்ளையின் பக்கத்தில், போன் தகப்பனார் சட்டைப் பையில்.

2019இல் கல்வித் தொலைக்காட்சி. அடுத்த வருஷம் கொரோனாவில் பள்ளிகளே மூடின. 2021 அக்டோபர் 27இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான் தொடங்கினார்கள். இவ்வளவு யந்திரங்களுக்குப் பிறகு கடைசியில் தேவைப்பட்டது அதே தெருவில் படித்த ஒரு பெண், மாலையில் ஓரிடத்தில் சேர்ந்து உட்காரும் சில பிள்ளைகள். மாதம் 1000 ரூபாய்க்கு அந்தப் பெண்ணை அமர்த்தியதில் உழைப்பை மலிவாக வாங்கும் பழைய தந்திரம் இருக்கிறது என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

உபகரணப் பஞ்சம் என்பதும் இந்த வட்டாரத்தில் பாதி உண்மைதான். வானூர் வட்டம் திருவக்கரையில் சுமார் 2 கோடி வருஷத்துக் கல்மரங்கள் கிடக்கின்றன. வக்கிராசுரனின் எலும்புகள் என்பது ஊர்க் கதை. 1780களில் பிரெஞ்சுக்காரர் சொன்னெரா அவற்றைப் பற்றி எழுதினார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1940இல் பூங்காவாக்கியது. மணலில் புதைந்த மரத்துக்குள் நீரில் கரைந்த சிலிக்கா ஊறி, நார் இருந்த இடத்தில் கல் நின்றது. எந்தப் பள்ளியின் பதிவேட்டிலும் இல்லாத சரக்கு. அங்கே கூட்டிப்போன ஒரு வகுப்பில் எட்டாவது படிக்கும் பெண் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “ஒண்ணுலகூட கிளை இல்லியே சார், வேரும் இல்ல. இங்கதான் வளந்துச்சா?”

இல்லை. வேறெங்கோ வளர்ந்து வெள்ளத்தில் உருண்டு வந்தவை. புவியியலாளர்கள் அந்த முடிவுக்கு வந்ததும் இந்த மொட்டைத் தண்டுகளைப் பார்த்துத்தான்.